தந்தியை விட்டுப் போன ஓட்டம்

தடதட, பிறகு ஒன்றுமில்லை, தடதட, பிறகு ஒன்றுமில்லை என்று மில் ரோட்டுத் திருப்பத்தில் புறப்பட்டு, பால் சொசைட்டியைத் தாண்டி, கோயில் முக்கில் சரளைக்கல்லை வாரி இறைத்துவிட்டு, எங்கள் வீதி வழியாகக் குளத்தங்கரைப் பக்கம் போய்த் தேய்ந்த அந்தச் சத்தத்தை, தாசரிவலசில் அன்று விடிகாலையில் விழித்திருந்த எல்லாரும் கேட்டோம். வாசல் தெளிக்கக் குனிந்த பெண்கள் குனிந்தபடியே கேட்டார்கள். ராத்திரி ஷிப்டு முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த நானும் கேட்டு, வருகிற நாய்க்கு வழிவிட்டு வேலியோரம் ஒதுங்கி நின்றேன். நாய் வரவில்லை. சத்தம் மட்டும் முழங்காலை உரசிக்கொண்டு போனது, வேட்டி ஓரம் படபடத்தது, புழுதி எழும்பிக் கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டுப் பழைய இடத்திலேயே உட்கார்ந்தது.

நாய் ஓடும் சத்தம் எங்களுக்குப் புதிதல்ல. தாசரிவலசு ரேஸ் நாய் ஊர். அம்பு மாதிரி முகமும், முதுகோடு ஒட்டிய வயிறும், தொட்டால் நடுங்கும் தொடையுமாக கிரேஹவுண்டு கட்டாத வீதி இங்கே கிடையாது, பெண் பார்க்க வருகிறவர்கள்கூட வாசலில் என்ன நாய் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்கள். தடதடவுக்கும் தடதடவுக்கும் நடுவில் வருகிற அந்த ஒன்றுமில்லை இருக்கிறதே, அது நாலு காலும் மண்ணை விட்டுவிட்டு நாய் காற்றில் கிடக்கிற நேரம். அது நீளமாக இருந்தால் நல்ல நாய். கண்ணுக்கு அது பிடிபடாது, அதனால் எங்கள் ஊரில் நாய் பார்ப்பது என்றால், நாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, துண்டைத் தலையில் போட்டு முகத்தை மூடிக்கொண்டு, காதால் பார்ப்பது என்று அர்த்தம். கண் நிறத்துக்கு மயங்கும், வால் அழகுக்கு மயங்கும், விற்கிறவன் பேச்சுக்கு மயங்கும், காது எதற்கும் மயங்காது என்பார்கள். எப்போதோ ஒருவர் கண்ணால் பார்த்து நாய் வாங்கி ஏமாந்ததற்கு, 'கண்ணாடி' என்று அவர் வீட்டுக்கு விழுந்த பெயர் பேரன் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் வந்துவிட்டது.

அப்படிப்பட்ட காதுகளிலும் பெரிய காது ஆறுக்குட்டி அண்ணனுடையது. லேத் பட்டறை வைத்திருந்தார், சுற்றுகிற இரும்பின் சத்தத்தை வைத்தே உள்ளே எங்கே தேய்மானம் என்று சொல்லிவிடுவார், மோட்டாரைக் கழற்றிப் பார்த்தால் சொன்ன இடத்தில் சொன்ன தேய்மானம் இருக்கும். மறுநாள் விடிகாலை அவர் பட்டறை வாசலில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார், நாங்கள் சுற்றி நின்றோம், ஓட்டம் வந்தது, அவர் முதுகுக்குப் பின்னால் போனது, துண்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"தந்தி."

தந்தி அவருடைய நாய். சாம்பல் நிறப் பெட்டை. எங்கள் ஊர் ஓட்டத்தடம் குளத்தைச் சுற்றி இடப்பக்கமாகவே திரும்பும், அந்தத் திருப்பத்தில் உடம்பைச் சாய்த்து, இடது முன்னங்காலை ஊன்றி, வலது பின்னங்காலால் தள்ளி, கயிற்றில் இழுபடும் முயல் பொம்மைக்குப் பின்னால் அவள் போகிற வேகத்தில் குளத்துத் தண்ணீர் ஒருபக்கமாகச் சாய்ந்ததாகச் சொன்னவர்கள் உண்டு, மறுத்தவர்கள் இல்லை. ஓட்டத்திலிருந்து நிறுத்தி வெகுநாள் ஆயிற்று. இப்போது பட்டறைக்குள் லேத்துக்குப் பக்கத்தில், சிமென்ட் தரையில் படுத்துக்கிடந்தாள்.

டீக்கடை சென்னியப்பன் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்ணா, தந்தி இங்கதான படுத்திருக்குது?"

"படுத்திருக்கட்டும். ஓடறதும் அவதான்."

"அதெப்படீங்க?"

"எப்படின்னு எனக்குத் தெரியாது. யாருன்னு கேட்டீங்க, சொன்னேன்."

சென்னியப்பன் தலையாட்டினார், அடுப்பில் பால் பொங்குகிற நினைப்பு வந்து போய்விட்டார். யாருக்கும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. வயசானால் முடி உதிர்கிறது, பல் விழுகிறது, இவளுக்கு ஓட்டம் கழன்று தனியாகப் போயிருக்கிறது, அவ்வளவுதான். உடம்பு ஒரு பக்கமும் மற்றது ஒரு பக்கமுமாக இருப்பது மில்லுக்குப் போகிறவர்களுக்கு ஆச்சரியம் இல்லை. என் தூக்கம் பல வருஷமாக நான் இல்லாத வீட்டில்தான் படுத்திருக்கிறது.

முதலில் சில நாள் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், எலுமிச்சம்பழம் நறுக்கி முக்கில் வைத்தார்கள், ஓட்டம் அதை மிதித்துக்கொண்டே போனது. பிறகு ஊர் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. பால் சொசைட்டிக்காரர் கேன்களைச் சாலையின் மறுபக்கத்துக்கு மாற்றினார். பெண்கள் கோலத்தின் நடுவில் ஒரு சாண் வெறும் தரை விட்டுப் போடப் பழகினார்கள், அப்படி விட்ட கோலமே அழகு என்று ஒறம்பரையாக விருந்துக்கு வந்த பெண்கள் தங்கள் ஊருக்கும் அதைக் கொண்டுபோனார்கள். முதல் பஸ் டிரைவர் வண்டியை முக்கில் நிறுத்தி, ஓட்டம் கடந்த பிறகு ஹாரன் அடித்துக் கிளம்பினார். மேற்கு வளவில் ஒருவர் குறுக்கே மதில் எழுப்ப, விடிந்து பார்த்தால் மதிலின் அடியில் நாய் உயரத்துக்குச் செங்கல் உதிர்ந்திருக்கும், பூசுவார், உதிரும், கடைசியில் கொத்தனாரே அங்கே ஒரு வளைவு வைத்துக் கட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் எந்த மதில் கட்டினாலும் அடியில் ஒரு வளைவு வைப்பது வாஸ்து ஆகிவிட்டது.

ஓடி ஓய்ந்த நாய்க்கு வீட்டுக்கு ஒரு கை சோறு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தந்தியின் ஓட்டம் வீதியில் வர ஆரம்பித்ததும் அந்த ஒரு கை ஒரு வட்டில் ஆயிற்று. தயிர்சாதம் வந்தது, அவித்த முட்டை வந்தது, கெடா வெட்டிய வீட்டிலிருந்து கொழுப்பு வந்தது, தினமும் விடிகாலையில் ஓடுகிற நாய் அல்லவா, தெம்பு வேண்டாமா என்று நெய் ஊற்றிப் பிசைந்தார்கள். தந்தி தலையைத் தூக்காமல் படுத்தபடியே தின்றாள். எண்ணிப் பார்க்கலாம் போலிருந்த விலா எலும்புகள் ஒவ்வொன்றாக உள்ளே போய் மறைந்தன.

"ரிட்டயர் ஆன வாத்தியார் மாதிரி ஆயிட்டா," என்றார் சென்னியப்பன். "ஒரு செய்தித்தாள் மட்டும் குடுத்துட்டாப் போதும்."

பெருமை அடுத்த ஊருக்குப் போகாமல் இருக்குமா. காரைப்பாளையத்துச் சடையப்பன், எங்கள் ஊர் நாய்களிடம் பலமுறை தோற்றவர், ஒரு விடிகாலை புல்லட்டில் வந்து இறங்கி, துண்டைப் போட்டு உட்கார்ந்து கேட்டார். எழுந்து துண்டை உதறினார்.

"சத்தம் நல்லாத்தான் இருக்குது. நாய் எங்கீங்க ஆறண்ணா? உங்கூர்ல சத்தத்துக்குத்தான் சோறு போடுவீங்களாட்ட."

"நாய் உள்ள இருக்குது."

"உள்ளதான் இருக்கும். வெளிய வந்தா விழுந்துருமே."

அங்கே நாங்கள் எல்லாரும் நின்றிருந்தோம், அதுதான் வினை. ஆறுக்குட்டி அண்ணன் நேரே மாரியம்மன் கோயிலுக்கு நடந்தார், நாங்கள் பின்னால் போனோம், கற்பூரம் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்து, மாசித் திருவிழாப் பந்தயத்தில் தந்தி ஓடுவாள் என்று சத்தியம் பண்ணினார். ஊரே கைதட்டியது. நானும் தட்டினேன். தினமும் காலையில் கேட்கிறோமே, அப்படியொரு ஓட்டம், அதில் ஒரு துளி பிசிறு இல்லை.

அவர் மனைவி வேலாத்தாள் அக்காதான் கைதட்டவில்லை. அவர் தந்தியைக் காதால் பார்த்ததே இல்லை, பட்டறையைக் கூட்டுகிறவர், கூட்டுகிறபோது நாயைச் சுற்றித்தான் கூட்ட வேண்டும், அப்படி வருஷக்கணக்காகச் சுற்றியதில் கண்ணில் பட்டதெல்லாம் அவரிடம் இருந்தது. படுக்கும் முன் தந்தி ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்து, கீழே இறங்க மனசில்லாமல் நின்று, கடைசியில் பொத்தென்று விழுவாள். எழுந்திருக்கும்போது முன்னங்காலை நீட்டி, பின்பக்கத்தைத் தூக்க முயன்று, முடியாமல், யாரும் பார்க்கவில்லையே என்பது போலத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி முயல்வாள். எழுந்து கொஞ்ச தூரம் நடந்தால் சரியாகிவிடும், அதனால் நடக்கும்போது பார்த்தவர்களுக்குக் குறை தெரியாது, குளிர்காலத்தில் அந்தக் கொஞ்ச தூரம் நீண்டுகொண்டே போனது. இடது மணிக்கட்டை நக்கி நக்கி அங்கே முடி போய்த் தோல் சிவந்திருந்தது. பட்டறைப் படியில் ஏறும் முன் படியோடு பேச்சுவார்த்தை நடத்துகிற மாதிரி நிற்பாள். நகங்கள் ஒரு காலில் மட்டும் தேயாமல் வளைந்து வளர்ந்திருந்தன, ஊன்றாத காலின் நகம் எப்படித் தேயும்.

"மாமா, இவளுக்கு நோவு இருக்குதுங்க. இவளை ஓட்டாதீங்க."

"நோவு இருந்தாக் கத்த மாட்டாளா?"

"நான் உங்கூட்டுக்கு வந்து எத்தனை நாளு கத்தியிருக்கறேன்?"

அவர் சிரித்தார். "ஏ புள்ள, நீ கண்ணுல பாக்குற. காலையில எந்திரிச்சு வாசல்ல நின்னு கேளு. அந்த ஓட்டம் ஓடறவளுக்கு எங்க நோவு?"

அதுதான் எங்கள் எல்லாருடைய கணக்கும். தந்தியைக் குளத்து மணலில் நடக்கக் கூட்டிப்போனார், மணலில் காலடி கேட்காது. பட்டறைக்குள் நடந்தாள், லேத் சத்தத்தில் கேட்காது. கேட்டதெல்லாம் விடிகாலை ஓட்டம் ஒன்றுதான், அது இளம் நாயின் ஓட்டம். நடையில் அவள் பின்தங்கினால் சோம்பல் என்றார், கயிற்றைச் சுண்டினார், அவளும் கத்தாமல் எட்டு வைத்தாள்.

சென்னியப்பன் மட்டும் ஒருநாள் வேலாத்தாள் அக்காவைக் கடைக்குப் பின்னால் கூப்பிட்டு, பேப்பரில் மடித்த மாத்திரைகளைக் கொடுத்தார். "எனக்கு முட்டி வலிக்குக் குடுத்ததுங்க அக்கா. நடக்க முடியாம இருந்தவன், இப்ப பாருங்க. பாலுல ஒண்ணு போட்டுக் குடுங்க, மாசி வரைக்கும் தாங்கிரும்." அக்கா அதை முந்தானையில் முடிந்துகொண்டார். கொடுக்கவில்லை. மறுநாள் புருஷன் லோடு எடுக்கப் போன நேரத்தில் ஆட்டோ பிடித்து, தந்தியைப் பின்சீட்டில் தூக்கி வைத்துக்கொண்டு டவுன் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார். தூக்கிவிட்டது நான்தான். தூக்கும்போது அவள் முகத்தை மறுபக்கம் திருப்பி உதட்டை நக்கினாள், அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

டாக்டர் ரெஜினா முதலில் தந்தியைத் தொடவே இல்லை, நடக்கவிட்டுப் பார்த்தார், உட்காரவிட்டுப் பார்த்தார், பிறகு தரையிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு மூட்டாக எடுத்து மடக்கி நீட்டினார். இடது மணிக்கட்டு பாதிவரைதான் மடங்கியது. தந்தி கத்தவில்லை.

"ஒண்ணும் பண்ணலீங்களே டாக்டரம்மா," என்றார் அக்கா.

"முகத்தைத் திருப்பிட்டா பாருங்க. வாயை நக்குறா. மூச்சு சின்னதாப் போச்சு. இந்த ஜாதி நாய்க்கு இதுதாம்மா அழுகை, இதுக்கு மேல அழத் தெரியாது."

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பு ஓரமெல்லாம் சுண்ணாம்பு பொரிந்த மாதிரி இருந்தது. மூட்டுத் தேய்மானம், ஓடின காலத்தில் ஒரே பக்கம் திரும்பித் திரும்பி வாங்கிய அடி, மேலே இவ்வளவு கனம் வேறு.

"சரியாயிருமுங்களா?"

"சரியாகாது. பாத்துக்கலாம்." பாத்துக்கலாம் என்பதை அவர் ஆறுதல் போலச் சொல்லாமல், செய்ய வேண்டிய வேலையின் பெயர் போலச் சொன்னார். "மொதல்ல இளைக்கணும், அதுதான் பாதி மருந்து. சிமென்ட்டுல படுக்கக் கூடாது. குளிர் ஆகாது. நடக்கணும், ஆனா கொஞ்சங் கொஞ்சமா, மெத்துனு இருக்கற மண்ணுல, தெனமும் ஒரே மாதிரி. ஒருநாள் சும்மா விட்டுட்டு மறுநாள் விரட்டற வேலை வேண்டாம். நான் தர்ற மாத்திரை சாப்பாட்டோட மட்டும். ஓட்டறது முடிஞ்சுபோச்சும்மா. ஒரு திருப்பம் வேகமாத் திரும்பினா அந்தக் கால் ஒடிஞ்சுரும்."

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சென்னியப்பன் பொட்டலத்தைக் காட்டினார். டாக்டர் அதை வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டார். "நல்லவேளை. மனுச மாத்திரை இவளுக்கு வயித்தை ஓட்டையாக்கும், கிட்னியைக் கொண்டுபோயிரும். யார் குடுத்தாங்களோ, அவருக்கு நான் சொன்னேன்னு சொல்லுங்க."

சாயங்காலம் ஆறுக்குட்டி அண்ணன் எக்ஸ்ரேயை வாங்கிப் பார்த்தார், தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"டாக்டரம்மா இவ ஓட்டத்தைக் கேட்டாங்களா?"

"இல்லீங்க. கையில புடிச்சுப் பாத்தாங்க."

"கேக்காம எப்படிச் சொல்றாங்க? ஊருக்கு முன்னால கற்பூரம் அடிச்சிருக்கறேன். படம் காட்டிச் சாமியை ஏமாத்த முடியுமா?"

பந்தயம் நெருங்கியது, காரைப்பாளையத்தில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள், எங்கள் ஊரில் அதைவிடப் பெரிதாகக் கட்டினார்கள். அக்கா பட்டறையைக் கூட்டினார், வீட்டைக் கூட்டினார், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் களத்தைக் கூட்டவில்லை. பூவரச மரங்கள் இலை கொட்டுகிற காலம். களம் முழுக்கச் சருகு சேர்ந்தது. போதாமல் அடுத்த தோட்டத்திலிருந்தும் கூடையில் அள்ளிக்கொண்டு வந்து கொட்டிப் பரப்பினார். சருகு அள்ளிப் போடுகிற பெண்ணைப் பார்த்து வீதி சிரித்தது, நாயை நினைத்து நினைத்து வெசனம் மண்டைக்கு ஏறிவிட்டது என்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கரண்ட் இல்லாமல் லேத் நின்றிருந்தபோது, அக்கா புருஷனிடம் வந்தார்.

"மாமா, காங்கேயத்துல இருந்து எங்க பெரியப்பா ஊட்டு ஆளு ஒருத்தரு நாய் கொண்டாந்திருக்கறாரு. மாசிக்கு ஓட்டலாமான்னு உங்க வாயால கேக்கணுமாம். களத்துல நிக்குது."

ஆறுக்குட்டி அண்ணனுக்கு இதைவிட இனிப்பான பேச்சு கிடையாது. களத்து மூலையில் உரலின் மேல் உட்கார்ந்து, நாய்க்கு முதுகைக் காட்டி, துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டார். அவர் நாய் பார்க்கிறார் என்றதும் வீதியே வந்து வேலியோரம் நின்றது. அக்கா மாட்டுக்கொட்டாயிலிருந்து தந்தியைக் கயிற்றில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் எல்லாரும் பார்த்தோம். சென்னியப்பன் வாயைத் திறந்தார், அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார், மூடிக்கொண்டார். எங்கள் ஊர் அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை.

தந்தி சருகின் மேல் நடந்தாள்.

நாங்களும் அவர் காதில் விழுந்ததைத்தான் கேட்டோம். சரக், சரக், ஒரு தயக்கம், சர்ர். மறுபடி சரக், சரக், தயக்கம், சர்ர்.

"சித்தெ நிறுத்து," என்றது துண்டு. "மறுபடி நடக்கவிடு. மெதுவா." கேட்டார். "வயசான நாய். இடது முன்னங்கால் மண்ணுல உக்காரவே இல்ல, தொட்டுட்டுத் தூக்கிருது. மணிக்கட்டு. வலது பின்னங்கால் நகம் இழுபடுது கேட்டீங்களா, முட்டி மடங்கல. நேத்து வந்ததில்ல இது, வருசக்கணக்கா இருக்குது. சருகு நொறுங்கற நொறுங்கல்ல ஒடம்பும் கனமுன்னு தெரியுது, தின்னக் குடுத்துக் குடுத்து மேல மூட்டை ஏத்தி வெச்சிருக்கறாங்க."

"ஓட்டலாங்களா மாமா?"

"ஓட்டறதா?" துண்டு இருபுறமும் அசைந்தது. "நடக்கறதுக்கே அது பல்லைக் கடிச்சுட்டு நடக்குது. எந்த ஊர்க் கபோதி இதைக் கொண்டாந்து ஓட்டலாமான்னு கேக்கறான்? கூட வெச்சுச் சோறு போடறவனுக்கு இத்தனை நாளாக் காது எங்க போச்சு?"

தந்தி அவர் வாசனை தெரிந்து, கயிறு விட்ட மட்டும் முன்னால் போய், அவர் முதுகில் மூக்கை வைத்தாள்.

"நம்மூட்டு நாய்ங்க மாமா," என்றார் அக்கா.

துண்டு எடுக்கப்படவில்லை. வெயில் உரலிலிருந்து இறங்கி வேலிக்குப் போகிற வரைக்கும் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். முதலில் பெண்கள் கலைந்தார்கள், பிறகு ஆண்கள். கரண்ட் வந்து வீதியில் மிக்ஸிகள் ஓட ஆரம்பித்த பிறகும் துண்டுக்குள் ஒருவர் இருக்கிறார் என்பது மூச்சில் மட்டும்தான் தெரிந்தது. தந்தி நிற்க முடியாமல் அவர் காலடியில் பொத்தென்று விழுந்தபோதுதான் கை ஒன்று வெளியே வந்து அவள் தலையைத் தேடியது.

சத்தியம் என்று ஒன்று இருந்ததே. ஊர் கூடியது. சென்னியப்பன், "ஃப்ளெக்ஸ் கட்டியாச்சுங்களே ஆறண்ணா, ஊர் மானம்," என்றார். ஆறுக்குட்டி அண்ணன் கோயிலுக்குப் போய், சாமி, நான் காதுல கேட்டதை வெச்சுத்தான் உனக்குச் சொன்னேன், அந்த ஓட்டம் உன் வீதியில ஓடிட்டுத்தான் இருக்குது, அதை எடுத்துக்க, ஒடம்பை எனக்கு விட்டுரு என்று சொல்லி வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியாக மடித்த இரண்டு பொட்டலம் வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்லிப் பூக்கேட்டார். வெள்ளைப் பூ வந்தது. பூசாரி சம்மதம் என்றார். அதனால் மாசிப் பந்தயத்தன்று எங்கள் ஊர்ச் சார்பில் தடத்தின் உள்வரிசையில் தந்தியின் கழுத்துப்பட்டை மட்டும் வைக்கப்பட்டது. இது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை, உடம்பு இல்லாத நாய்க்குத் தோல் பெல்ட்டு செல்லுமா என்பதைப் பற்றித்தான் நடுவருக்கும் காரைப்பாளையத்தாருக்கும் கொஞ்சம் அக்கப்போர் நடந்தது. கொடி விழுந்தது. சடையப்பனின் நாய் பாய்ந்தது. கூடவே ஓட்டமும் வந்தது, எல்லாரும் முதுகைத் திருப்பித் துண்டைப் போட்டோம், தடதட, பிறகு ஒன்றுமில்லை, அந்த ஒன்றுமில்லை அன்று அவ்வளவு நீளமாக இருந்ததில் சிலர் கண் கலங்கினார்கள். ஆனால் திருப்பத்தில் முயல் பொம்மை இடப்பக்கம் போக, ஓட்டம் திரும்பவில்லை, அதற்குப் பசி இல்லை போலிருக்கிறது, நேராகக் குளத்து நீரின் மேல் போய் அக்கரையில் ஏறிச் சோளக்காட்டுக்குள் மறைந்தது. கோப்பை சடையப்பனுக்குப் போனது. கோப்பையை வாங்கியவர் கூட்டம் கலைந்த பிறகு தனியாக ஆறுக்குட்டி அண்ணனிடம் வந்து, புல்லட் சாவியைத் திருகிக்கொண்டே நின்றார்.

"ஆறண்ணா, ஊட்டுல பழைய நாய் ஒண்ணு கெடக்குது. காலையில எந்திரிக்க வெகு நேரமாவுது. சோம்பல்னு நெனச்சுட்டிருந்தேன். அந்த டாக்டரம்மா என்னைக்கு இருப்பாங்க?"

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது, மெதுவாக நடப்பதைக் கதையாகச் சொல்வது கஷ்டம். சோறு கொண்டுவருகிறவர்களை நிறுத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது, நெய் ஊற்றாமல் வணங்கத் தெரியாத ஊர் இது, கெஞ்சிக் கேட்டு, கடைசியில் அவித்த சுரைக்காய் மட்டும் அனுமதி என்று முடிவாகி, திருவிழாவுக்குக்கூட சுரைக்காய்தான் வந்தது. பட்டறைப் படியில் பலகை சாய்த்துக் கோணியடித்தார்கள். சோற்றுத் தட்டை, கவிழ்த்துப் போட்ட மொடாப் பானையின் மேல் வைத்தார்கள், குனியாமல் தின்னட்டும் என்று. காலையும் மாலையும் வரப்பு மண்ணில் ஆறுக்குட்டி அண்ணன் அவளோடு நடந்தார், அவள் நின்றால் நின்றார், மதகு வரை போய்த் திரும்புவதற்குள் மற்றவர்கள் ஒரு வேலையை முடித்துவிடுவார்கள். நகங்களை அக்கா வெட்டிச் சரிபண்ணினார். விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. நல்ல நாள் இருந்தது, கெட்ட நாள் இருந்தது, மழை மூட்டம் போட்டால் அவளுக்கு ஊருக்கு முன்னால் தெரிந்தது. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. எழுந்திருக்கும்போது திரும்பிப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டாள். வீதியில் மற்ற வீட்டு வயசான நாய்களும் ஒவ்வொன்றாகச் சிமென்ட்டிலிருந்து கோணிக்கு மாறின, நாய் வாயை நக்கினால் ஊரில் பேச்சு நின்றது. கண்ணால் பார்ப்பது கேவலம் என்பது அப்படியே இருக்கிறது. கூடவே, யாரும் கவனிக்காதபோது பார்த்துவிடுவது என்பதும் சேர்ந்துகொண்டது.

அடுத்த மார்கழிக் குளிரில் ஒரு விடிகாலை நான் மில்லிலிருந்து வரும்போது, அண்ணன் கேட்டுக்கொண்டபடி, ஒரு மூட்டை கழிவுப் பஞ்சு கொண்டுவந்தேன். பட்டறை வாசலில் ஆறுக்குட்டி அண்ணன் உட்கார்ந்து, அதைப் புதுக் கோணிக்குள் அடைத்து, கோணி ஊசியும் சணலுமாக வாயைத் தைக்க ஆரம்பித்தார். இரும்பில் மயிரிழை கடைகிற கைக்கு ஊசி ஓட்ட வரவில்லை, தையல் கோணலாகப் போனது. தந்தி, அக்காவின் பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, அவர் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தாள்.

"ஏனுங்க, நேராத் தெக்கக் கூடாதா," என்றார் அக்கா உள்ளிருந்து.

"படுக்கறவ கேக்க மாட்டா. நீ வந்து படுக்கறயா?"

"எடம் குடுப்பாளான்னு கேட்டுச் சொல்லுங்க."

அப்போது, பந்தயத்துக்குப் பிறகும் நிற்காத அந்த ஓட்டம் வழக்கம் போல மில் ரோட்டுத் திருப்பத்தில் புறப்பட்டது. தந்தியின் காதுகள் எழுந்தன. அது சொசைட்டியைத் தாண்டி, முக்கில் திரும்பி, வீதிக்குள் வந்தபோது அவள் தொடைகள் ஸ்வெட்டருக்குள் நடுங்கின, நாலு பாதமும் படுத்த நிலையிலேயே மண்ணைத் தேடின. ஊசி நின்றது. அண்ணனின் இடது கை தோளில் கிடந்த துண்டின் நுனிவரை போய், அங்கே கொஞ்ச நேரம் இருந்து, இறங்கி வந்து அவள் கழுத்தின் மேல் உட்கார்ந்தது. ஓட்டம் எங்கள் எல்லாருக்கும் நடுவில் புகுந்து போனது, பஞ்சுத் துணுக்குகள் எழும்பின, குளத்துப் பக்கம் போய்த் தேய்ந்தது. தந்தி தொடை நடுக்கம் அடங்க நேரம் எடுத்துக்கொண்டாள், பெருமூச்சு விட்டாள், தாடையை மறுபடி அவர் பாதத்தின் மேல் இறக்கினாள். அவர் அவள் மணிக்கட்டைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், மூச்சைப் பார்த்தார். பிறகு சணலை நாக்கில் ஈரப்படுத்தி முறுக்கி, ஊசியை விட்ட இடத்தில் குத்தி, மறுபக்கம் இழுத்தார்.